வாயில்லா ஜீவன்களின் இதயம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வளர்ப்புப் பிராணிகள் பற்றிய பகுதியில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



"நாய், பூனைக்கு வரும் இதய நோய் பற்றி இருபது நிமிஷம் பேசுங்கள் சார்" என்று செயலாளர் கேட்டபோது தயங்கினேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பாங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் எங்கள் வீட்டு ஜிம்மிக்கு இதய நோய் வந்து, பதினாலு மாதம் அதைப் பார்த்துக்கொண்டேன். டாக்டரைக் கேட்டும், தேடிப் படித்தும் சில விஷயங்கள் தெரிந்துகொண்டேன். போன மழைக்காலத்தில் பின்தெருப் பால்காரம்மாவின் பசு செத்ததையும் கூடவே நின்று பார்த்தேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் பேசப் போகிறேன். மருந்து எதையும் சிபாரிசு செய்ய மாட்டேன். அது டாக்டர் வேலை.

முதலில் இதயம் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். நாய், பூனை, மாடு, ஆடு, குதிரை, பன்றி, கோழி எல்லாவற்றுக்கும் நம்மைப் போலவே நாலு அறைதான். மேலே இரண்டு, கீழே இரண்டு. வலது பக்கம், உடம்பைச் சுற்றி வந்த அழுக்கு ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம், நுரையீரலில் சுத்தமாகி வந்த ரத்தத்தை வாங்கி உடம்பு முழுவதற்கும் அனுப்புகிறது. பாங்கில் ரிசீட் கவுண்டரும் பேமெண்ட் கவுண்டரும் தனித்தனியாக இருப்பது போல. ஒன்றின் கணக்கு மற்றதோடு கலக்கக் கூடாது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் ஒரு வால்வு, கீழறையிலிருந்து வெளியே போகும் வழியில் ஒரு வால்வு என்று பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நாலு வால்வு. எல்லாம் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவுகள். இடது பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பதற்கு மிட்ரல் வால்வு என்று பெயர். இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதயம் முழுவதையும் ஒரு மெல்லிய பை மூடியிருக்கிறது. அதுதான் இதய உறை. இதையும் ஞாபகம் வையுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

அமைப்பு ஒன்றானாலும் அளவும் வேகமும் வேறு. நம் இதயம் சுமார் 300 கிராம். பசுவின் இதயம் 2 கிலோவுக்கு மேல் இருக்கும். பசுவின் இதயத்துக்குள் நிஜமாகவே சின்ன எலும்பு இருக்கிறது. பெருந்தமனி புறப்படும் இடத்தில் வால்வுகளைத் தாங்கிப் பிடிக்க இயற்கை வைத்த முட்டு அது. நாயின் இதயம் அதன் உடம்பு எடையில் நூற்றுக்கு முக்கால் பங்கு. நமக்கு அரைப் பங்குதான். ஓடிப் பிழைக்கிற பிராணி அல்லவா! துடிப்பைப் பார்த்தால், ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நிமிஷத்துக்கு 30 முதல் 40. மாட்டுக்கு 60 முதல் 80. நாய்க்கு அளவைப் பொறுத்து 60 முதல் 140. பூனை, டாக்டர் மேஜையில் பயந்து உட்கார்ந்திருந்தால் 200-ஐத் தொட்டுவிடும். கோழிக்கு 250-க்கும் மேல்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஒரு விஷயம். அதன் இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால் நெஞ்சில் கை வைத்துப் பாருங்கள். துடிப்பு சீராக இல்லாமல், மூச்சை இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான நாய்க்கு அது இயல்பு. நான் முதல் தடவை கவனித்த அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

நமக்கெல்லாம் மாதா மாதம் பி.பி. பார்க்கிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு ஆரம்பமே ஒரு குதிரைதான். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் நீளமான கண்ணாடிக் குழாயைச் சொருகி, ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறுவதைப் பார்த்தார். 1733-ல் அதைப் புத்தகமாகப் போட்டார். அதற்கு நூறு வருஷம் முன்பு, 1628-ல், ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று எழுதிய வில்லியம் ஹார்வியும் நாய் முதலான பிராணிகளை அறுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார். நம் இதயத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி, இவை உயிர் கொடுத்துக் கற்றுத் தந்தது.

இப்போது ஜிம்மி கதைக்கு வருகிறேன். பொமரேனியன் ஜாதி. பத்து வயசில் ராத்திரி இருமல் ஆரம்பித்தது. தொண்டையில் எதுவோ மாட்டிக்கொண்டு கக்க வருவது போல ஒரு சத்தம். மார்கழிப் பனி, சளி பிடித்திருக்கிறது என்று முடிவு செய்தோம். என் மனைவி தேனில் இஞ்சிச் சாறு கலந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டில் சொன்ன சிரப்பையும் கொடுத்தோம். இப்படியே இரண்டு மாதம். அதற்குள் மாடிப்படி ஏறுவதை ஜிம்மி நிறுத்திவிட்டது. வயசாகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, படுக்க முடியாமல், முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயிறு துருத்தி போல அடித்துக்கொண்டது. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்த நிமிஷமே சொல்லிவிட்டார்: "சார், இது சளி இல்லை. மிட்ரல் வால்வு சரியாக மூடவில்லை." எக்ஸ்ரேயும் எக்கோ ஸ்கேனும் அதையே சொல்லின. வால்வின் இதழ்கள் வயசாக ஆகத் தடித்து, சுருண்டுபோகின்றன. கதவு இடுக்கு வழியாக ரத்தம் பின்னால் மேலறைக்கே திரும்புகிறது. மேலறை பெருத்து, மூச்சுக்குழாயை அழுத்துகிறது. அதனால் இருமல். அடுத்த கட்டத்தில் நுரையீரலில் நீர் கட்டுகிறது. அதனால் மூச்சுத் திணறல்.

நாய்களுக்கு வரும் இதய நோயில் இதுதான் முதலிடம். நாலில் மூன்று பங்கு இதுதான் என்று கால்நடை இதய நிபுணர்கள் சொல்கிறார்கள். குறிப்பாக, 20 கிலோவுக்குள் இருக்கும் சிறிய ஜாதி நாய்களுக்கு வயசான காலத்தில் வருவது. டாபர்மேன், கிரேட் டேன் மாதிரிப் பெரிய ஜாதிகளுக்கு வருவது வேறு: இதயத் தசையே பலவீனமாகி, பை போல விரிந்துவிடும். சில சமயம் அறிகுறியே காட்டாமல் திடீரென்று விழுந்துவிடும். நமக்கு வரும் ஹார்ட் அட்டாக், அதாவது கொழுப்பு அடைத்து வருவது, நாய்க்கு மிக அபூர்வம். அதனால் "நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது" என்கிற மாதிரி ஒரு காட்சிக்காகக் காத்திருக்காதீர்கள். நாய்க்கு இதய நோய், மெதுவாகப் படியேறி வருகிற விருந்தாளி.

டாக்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "போன வருஷம் தடுப்பூசி போட்டபோது நெஞ்சைக் கேட்டுப் பார்த்தார்களா?" நான் தலைகுனிந்தேன். மூன்று வருஷமாக ஆளை வீட்டுக்கு வரவழைத்து ஊசி மட்டும் போட்டுவிட்டு, அலைச்சல் மிச்சம் என்று சந்தோஷப்பட்டவன் நான். வால்வு ஒழுகினால், இருமல் வருவதற்குப் பல மாதம், சில சமயம் பல வருஷம் முன்பே ஸ்டெதஸ்கோப்பில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கும். இதயம் பெருத்து, ஆனால் இருமலோ திணறலோ வராத கட்டத்திலேயே கண்டுபிடித்து பிமோபெண்டான் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2016-ல் வெளிவந்தது. 11 நாடுகளில் 360 நாய்கள். இதயம் செயலிழக்கும் கட்டம் சுமார் 15 மாதம் தள்ளிப்போனது. நாயின் ஆயுசில் 15 மாதம் என்றால் நம் கணக்கில் எத்தனை வருஷம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அந்தப் பதினைந்து மாதத்தை ஜிம்மிக்கு நான் கொடுக்கவில்லை. ஐந்து நிமிஷ வேலை. எங்கள் சோம்பலால் விட்டுப்போயிற்று.

அதற்குப் பிறகு டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். எனக்குத் தெரிந்த வேலை, எண்ணுவது. நாய் நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ண வேண்டும். நெஞ்சு ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். வெயிலில் வந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போதோ, கனவு கண்டு காலை உதறும்போதோ எண்ணக் கூடாது. நிமிஷத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. நாள்தோறும் எழுதிவைத்து, 30-ஐத் தாண்டிக்கொண்டே போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நுரையீரலில் நீர் சேர்வதை நம் கண்ணுக்குக் காட்டும் முதல் அடையாளம் இதுதான். செலவு ஒரு பைசா இல்லை.

பழைய டைரி ஒன்றில் எழுதினேன். 22, 24, 22, 23. பல மாதம் அப்படியே போயிற்று. ஒரு வியாழக்கிழமை 31. மறுபடி எண்ணினேன், 32. மறுநாள் 38. ஜிம்மி அப்போதும் வாலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தது, சாப்பிட்டது. பார்த்தால் ஒன்றும் தெரியாது. டைரிதான் சொன்னது. உடனே கூட்டிப்போனோம். நீர் பிரியும் மாத்திரையைக் கூட்டினார்கள். பிழைத்தது. முதல் தடவை இரண்டு மாதம் தாமதித்த நாங்கள், இரண்டாம் தடவை ஒரு நாளில் போனோம். அப்படி இரண்டு முறை காப்பாற்றினோம். மூன்றாவது முறை முடியவில்லை. டைரி இன்னும் அலமாரியில் இருக்கிறது.

சாப்பாட்டில் அப்பளம், ஊறுகாய்ச் சாதம், சிப்ஸ், கருவாடு எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். உப்பு நீரைத் தேக்கும். குழந்தைகளே, நாய்க்குச் சாக்லேட் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கும் ஒரு பொருள் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும்.

பூனைக்கு வருவோம். நாயாவது இருமும். பூனை ஒன்றும் காட்டாது. அதற்கு வரும் முக்கிய இதய நோயில், இடது கீழறையின் சுவர் தடித்து, உள்ளே ரத்தம் தங்கும் இடம் குறைந்துபோகிறது. நன்றாக ஓடியாடும் பூனைகளிலேயே நூற்றுக்குப் பதினைந்துக்கு இது இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். பலவற்றுக்கு ஆயுசு முழுக்கத் தொந்தரவு இல்லை. ஆனால் சிலவற்றுக்கு, பெருத்த மேலறையில் ரத்தம் கட்டியாகி, கிளம்பிப் போய், பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். பூனை திடீரென்று அலறும், பின்னங்காலை இழுத்துக்கொண்டு போகும், பாதம் சில்லிட்டிருக்கும். மதிலிலிருந்து விழுந்துவிட்டது, வண்டி மோதிவிட்டது என்று நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்போம். அது அவசர நோய். அதே போல, பூனை வாயைத் திறந்து மூச்சு விட்டால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள். வலிக்கிறதே என்று நம் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

இன்னொரு விஷயம், சைவ வீட்டுப் பூனைகளுக்கு. டாரின் என்று ஒரு சத்து. நாம் உடம்பிலேயே செய்துகொள்கிறோம்; பூனையால் போதிய அளவு செய்ய முடியாது. இறைச்சி, மீனிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது குறைந்தால் பூனையின் கண் கெடுகிறது; இதயமும் விரிந்து பலவீனமாகிறது என்று 1987-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். சத்தைத் திரும்பக் கொடுத்தபோது பல பூனைகளின் இதயம் தேறியது. பூனை உணவு செய்யும் கம்பெனிகள் அதற்குப் பிறகு அதன் அளவைக் கூட்டின. எங்கள் வீடும் சைவம்தான். ஆனால் தயிர் சாதத்தில் மட்டும் பூனையை வளர்ப்பது தர்மம் ஆகாது. நம் விரதத்தை அதன் இதயத்தில் எழுதக் கூடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கொசு மூலம் நாயின் நுரையீரல் தமனியிலும் இதயத்திலும் குடியேறும் புழு ஒன்று உண்டு, ஓரடி நீளம்கூட வளரும். நம் நாட்டில் வடகிழக்கு மாநிலங்களில் அதிகம். அங்கிருந்து நாயோடு மாற்றலாகி வருபவர்கள் சோதித்துக்கொள்ளுங்கள். கோமாரி நோய் வந்தால் பெரிய மாடு பிழைத்துக்கொள்ளும். கன்றுக்குட்டிக்கு இதயத் தசை புலிக்கோடு போல வெளுத்து, நின்ற இடத்தில் விழுந்து சாகும். அதற்குத் தடுப்பூசி அரசு இலவசமாகப் போடுகிறது. பிராய்லர் கோழி வேகமாக எடை போடுவதால் அதன் வலது இதயம் ஈடுகொடுக்க முடியாமல் வயிற்றில் நீர் கோத்துச் சாவதும் உண்டு.

இனி, நான் முக்கியமாகப் பேச வந்த விஷயம்.

பின்தெருப் பால்காரம்மாவை நம்மில் பாதிப் பேருக்குத் தெரியும். அவருடைய சிவப்புப் பசுவும் தெரியும். கறந்துவிட்டு அவிழ்த்துவிட்டால், நம் தெருமுனைக் குப்பைத் தொட்டியில்தான் அதற்குக் காலை ஆகாரம். போன ஐப்பசியில் கன்று போட்டது. பத்து நாளில் பால் பாதியாகிவிட்டது. முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை வெளியே தள்ளி நின்றது. சரிவில் இறங்கச் சொன்னால் முனகியது. கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. முன்மார்பிலும் தாடைக்கு அடியிலும் நீர் கோத்துத் தொங்கியது. எல்லோரும் கண்ணேறு என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மருத்துவர் வந்து நெஞ்சைக் கேட்டார். இதயச் சத்தத்தோடு தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது என்றார். உலோகம் காட்டும் கருவியை வைத்ததும் அது கத்தியது.

நடந்தது இதுதான். மாடு உதட்டால் ஆராய்ந்து தின்னாது. நாக்கால் வளைத்து, அரைகுறையாக மென்று விழுங்கிவிடும். பிறகுதான் அசைபோடும். அதற்கு வயிறு நாலு பாகம். இரண்டாவது பாகத்தின் உட்புறம் தேன்கூடு போல இருக்கும். கனமான பொருள் எல்லாம் அதில்தான் போய் விழும். அந்தப் பாகத்துக்கு முன்னால் ஒரு மெல்லிய தசைத் திரை. அதற்கு முன்னால் சில சென்டிமீட்டரிலேயே இதயம். வயிறு ஒவ்வொரு தடவை சுருங்கும்போதும், ஆணியோ கம்பியோ கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, வயிற்றைத் துளைத்து, திரையைத் துளைத்து, இதய உறைக்குள் போய்விடும். சினை மாட்டில் கருப்பை பின்னாலிருந்து தள்ளுவதால் இன்னும் சுலபம். உறைக்குள் சீழ் பிடித்தால் இதயம் விரியவே முடியாது. முன்னாடியே தெரிந்தால் வயிற்றைத் திறந்து கம்பியை எடுத்துவிடலாம். உறைக்குள் போனபின் பிழைப்பது மிகக் கஷ்டம்.

நாலாம் நாள் செத்துப்போயிற்று. அறுத்துப் பார்த்தபோது நானும் நின்றேன். விரல் நீளக் கம்பி, துரு ஏறிக் கறுத்திருந்தது. பூச்செண்டில் கட்டிய கம்பியோ, விளக்குமாற்றுக் கம்பியோ சொல்ல முடியாது. யார் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல முடியாது. என் வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம். மிச்சச் சாதத்தோடு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு முடிச்சுப் போட்டு எறிந்தவர்களில் நானும் ஒருவன். அந்த முடிச்சைப் பசு அவிழ்க்காது. பையோடு தின்னும்.

மாட்டைத் தெருவில் விடுவது சொந்தக்காரர் தப்பு என்பீர்கள். சரிதான், அதை நான் மறுக்கவில்லை. அவரிடமும் பேசியிருக்கிறோம். ஆனால் தப்பு அவருடையது, கம்பி நம்முடையது, உயிர் மாட்டினுடையது. வங்கியில் நோட்டுக் கட்டுகளுக்குப் பின் அடிக்கக் கூடாது, காகித வளையம்தான் போட வேண்டும் என்று 2001-ல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நோட்டு கிழிகிறது என்பதற்காக அத்தனை கவுண்டரிலும் பழக்கத்தை மாற்றினோம். முடியாது என்றவர்களும் மாறினோம். நோட்டுக்காக மாறியவர்கள் உயிருக்காக மாற மாட்டோமா?

இதய உறையை ஞாபகம் வைக்கச் சொன்னேனே. என் மச்சினருக்கு இரண்டு வருஷம் முன்பு வால்வு மாற்றினார்கள். திசு வால்வு என்றார்கள். எதில் செய்தது என்று கேட்டேன். பசுவின் இதய உறையைப் பதப்படுத்தித் தைத்தது. உலகம் முழுக்க அந்த உறையில் செய்த வால்வை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நடமாடுகிறார்கள். பன்றியின் வால்வும் அப்படித்தான். மச்சினர் தினமும் காலையில் வாக்கிங் போகிறார். அவர் நெஞ்சில் இருந்து காப்பாற்றும் அதே உறையைத்தான் நம் தெருக் கம்பி குத்திக் கிழித்தது.

ஆகவே சங்கத்துக்கு மூன்று கோரிக்கை. ஒன்று: மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று பிரிக்கச் சொல்லி 2016-லேயே விதி வந்தது. அதோடு ஒவ்வொரு பிளாக் வாசலிலும் ஒரு பழைய தகர டின் வைப்போம். ஆணி, கம்பி, புதுச் சட்டையில் வரும் ஊசி, பிளேடு எல்லாம் அதில். நிறைந்ததும் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கலாம். டின் கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு: மாட்டுக்கு விழுங்க வைக்கும் காந்தம் ஒன்று உண்டு. வயிற்றின் அந்தப் பாகத்திலேயே தங்கி, கம்பியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பின்தெருவில் ஏழு மாடு இருக்கிறது. மருத்துவரைக் கேட்டு, ஏழுக்கும் சங்கச் செலவில் போடலாம். மூன்று: வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, மருத்துவரை இங்கேயே அழைத்து, நம் காலனி நாய், பூனை எல்லாவற்றின் நெஞ்சையும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கச் சொல்வோம். மேல் சிகிச்சைக்கு வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாடு நகர முடியாமல் கிடந்தால் 1962-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

பால்காரம்மா இப்போது வேறு மாட்டை வாங்கிவிட்டார், கடனில். தாயில்லாக் கன்று வளர்ந்துவிட்டது. போன வாரம் நம் தெருமுனைத் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விரட்டிவிட்டு வந்தேன். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டது. டின்னை இந்த வாரமே வைத்துவிடலாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.